பேச்சுவார்த்தைக்குப் போறேன்

கொஞ்சம் நகந்து உக்காருங்க அண்ணாச்சி. ஜன்னல் பக்கம் நீங்களே இருங்க. எனக்கு இடது கண்ணு கிடையாது, வலது கண்ணுல புரை விழுந்து கிடக்கு. ஜன்னல் ஓரம் உக்காந்து நான் என்னத்தப் பாக்கப் போறேன்? மழைக்கு ஷட்டரை வேற இறக்கி விட்டுருக்காங்க. நீங்க அந்த இடுக்கு வழியா பாத்துக்கிட்டே வாங்க. நான் பனையடி விலக்குல இறங்கணும். வந்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். கண்டக்டர் சொல்ல மாட்டான். டிக்கெட் குடுக்கும்போதே பாத்தீங்கல்லா, மூஞ்சிய எங்கிட்டோ வச்சுக்கிட்டுக் குடுத்தான். அது ஒரு கதை. வரும்.

நான் பால்வண்ணம். கேட்டு பால்வண்ணம்னு கேளுங்க, இந்த ரூட்டுல தெரியாத ஆளு கிடையாது. இருபத்தாறு வருசம் கவர்மெண்டு பஸ் ஓட்டுனேன், அந்தப் பேரு நிக்கல. டிப்போ கேட்டுல நின்னேன், அது நின்னு போச்சு. ஸ்டிரைக்குன்னு வந்துட்டா சங்கத்துத் தலைவரு மைக்கப் பிடிப்பாரு, செயலாளரு பேப்பரப் பிடிப்பாரு, நான் ஆளப் பிடிப்பேன். மூணும் வேணும்லா?

இன்னைக்கு நான் எம் மக வீட்டுக்குப் போறேன். மக பேரு ஆவுடைச்செல்வி. மருமகன் தளவாய். மத்தியானம் திருப்பூருக்குக் குடும்பத்தோட கிளம்புதாங்க. அங்க ஒரு பனியன் கம்பெனியில அவனுக்குக் கேட்டுல நிக்குத வேலை. இனிமே இந்தப் பக்கம் வாரதா இல்லையாம். அதுக்கு முன்ன ஒரு தடவ வாங்கன்னு மக சொல்லி அனுப்பியிருக்கா. சும்மா இல்ல, நிபந்தனையோட. உள்ள வரணும், உக்காரணும், அவன் சொல்லுதத முழுசா கேக்கணும். நடுவுல நான் வாயத் தொறந்தா எந்திரிச்சு பஸ் ஏறிருவாங்களாம். நிபந்தனை போட்டுட்டுக் கூப்பிட்டா அதுக்குப் பேரு பேச்சுவார்த்தையா? நீங்களே சொல்லுங்க. இருங்க, இருங்க, நான் முடிச்சிடுதேன்.

முன்னயும் ரெண்டு மூணு தடவ போனேன். அவன் "மாமா, அன்னைக்கு"ன்னு ஆரம்பிப்பான். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிரும். கடைசியா போனப்ப காப்பி டம்ளரத் தூக்கிச் சுவத்துல எறிஞ்சிட்டு வந்தேன். எம் பொஞ்சாதி சொல்லுவா, ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு. அவ கிடக்கா. அதான் இன்னைக்கு ஒரு யோசனை பண்ணேன். உள்ள கிடக்கத எல்லாம் பஸ்ஸுலயே யார்ட்டயாவது கொட்டிட்டா, அங்க போயி வாய மூடிக்கிட்டு இருக்கலாம்லா? அதுக்குத்தான் உங்ககிட்டச் சொல்லுதேன். பேரப்பிள்ள இருக்கு அண்ணாச்சி. தவழுதாம். நான் தூக்குனதில்ல.

ஸ்டிரைக்கு நடந்த அந்த வருசம் எங்க தொகுதி எம்.எல்.ஏ. செத்து இடைத்தேர்தல் வந்துருந்தது. அதே சமயத்துல எங்களுக்குச் சம்பள ஒப்பந்தம் முடிஞ்சு புது ஒப்பந்தம் போடணும். எப்பவும் என்ன வழக்கம்? எல்லாச் சங்கமும் சேந்து கூட்டுக் குழு போடும், அரசாங்கம் ஒரு பக்கம், நாங்க ஒரு பக்கம், மேசையில உக்காந்து பேசுவோம். அந்தத் தடவ அரசாங்கம் மாட்டேன்னுட்டு. சங்கத்தோட பேச முடியாது, குறை உள்ளவன் ஒவ்வொருத்தனா அதிகாரியப் போய்ப் பாருங்கன்னுட்டாங்க. ஒவ்வொருத்தனா போனா என்ன ஆகும்? போனவன் மாத்தலாகி வருவான். வண்டிய நிப்பாட்டிட்டோம்.

ஆளுங்கட்சிக்கு ராஜகிளின்னு ஒரு ஆளு நின்னாரு, மரக்கடை வச்சிருந்தவரு. அவரு ஊர் ஊரா பேசுனாரு. இவங்களுக்குச் சம்பளம் குடுக்கது நீங்க, காய்கறிக் கூடையோட ரோட்டுல நிக்கதும் நீங்க, மக்கள் காசுல சம்பளம் வாங்குதவனுக்கு மக்கள்ட்டயே பேரம் பேச என்ன உரிமைன்னு கேட்டாரு. கேக்க நல்லாத்தான் இருந்தது. எங்க தெருப் பொம்பளைகளே தலைய ஆட்டுனாளுக. எதிர்ல நின்னது வக்கீல் இசக்கியப்பன். அவரு எங்க சங்கத்துக் கேசெல்லாம் நடத்துனவரு. தனி மரம் தோப்பாகாது, நான் ஜெயிச்சா அரசாங்கத்துல வேலை பாக்குத கடைசி ஆளுக்கும் சங்கமா உக்காந்து பேசுத உரிமைய வாங்கித் தருவேன்னாரு. அந்த வார்த்தைக்காக உயிரக் குடுக்கலாம்னு இருந்தது எனக்கு. உயிரக் குடுக்கதுன்னா, எடுக்கதுந்தான.

டிப்போ கேட்ட நான் பாத்துக்கிட்டேன். எங்கிட்ட ஒரு கம்பி உண்டு. டயரத் தட்டிப் பாக்குத கம்பி. நல்ல டிரைவரு வண்டிய எடுக்க முன்ன டயர ஒரு தட்டுத் தட்டுவான், சத்தத்த வச்சே காத்து இருக்கா இல்லியான்னு சொல்லிருவான். அந்தக் கம்பி கையில இருந்தா ஒரு பய கேட்டத் தாண்ட மாட்டான். ஒரு கண்டக்டரு மட்டும் பின்பக்கச் சுவரு ஏறிக் குதிச்சு டூட்டியில கையெழுத்துப் போடப் பாத்தான். பிடிச்சு இழுத்துட்டு வந்தோம். "அண்ணே, எங்கம்மைக்கு"ன்னு என்னமோ சொல்ல வந்தான். காதோட சேத்து ஒண்ணு வச்சேன். சுருண்டு விழுந்தான். விழுந்தவன் விலாவுல பயலுக மிதிச்சாங்க, நான் மிதிக்கல. அந்தக் காது இன்னிக்கும் கேக்காதாம். அவந்தான் இவன். டிக்கெட் கிழிச்சிட்டுப் போறானே, அவந்தான். அன்னைக்கு அவங்கம்மைக்கு என்னன்னு பிறகு கேட்டுக்கிடலாம்னு இருந்தேன், மறந்து போச்சு.

அடி உதவுத மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க? அதுக்குப் பிறகு ஒருத்தன் உள்ள போகல. போலீஸ்காரன் வந்து முதுகுல நாலு விட்டான், வாங்கிக்கிட்டேன். வீங்கிப் போயி மல்லாக்கப் படுக்க முடியல. கேட்ட விட்டு அசையல.

பாத்தாங்க. வெளியாள வச்சு வண்டிய எடுக்கலாம்னு முடிவு பண்ணிட்டாங்க. கனரக லைசென்சு வச்சிருக்கவன் எல்லாம் வரலாம்னு அறிவிப்பு. முத வண்டியில தானே உக்காந்து போவேன்னு ராஜகிளி மேடையில சவால் விட்டுட்டாரு. வக்கீல் விடுவாரா? அந்த வண்டி என் நெஞ்சு மேல ஏறித்தான் போகணும்னுட்டாரு. நெஞ்சு அவரு நெஞ்சு இல்ல, எங்க நெஞ்சு. அவரு வேன் மேல நின்னாரு.

அண்ணாச்சி, கைய நீட்டாதீங்க. மூஞ்சிக்கு நேரே கைய நீட்டுனா எனக்கு ஆகாது. என்ன, தண்ணி வேணுமா? வேண்டாமா? அப்பச் சரி, கேளுங்க.

அன்னைக்குக் காலையில கேட்டு முன்னால எள்ளு விழ இடமில்ல. இந்தப் பக்கம் நாங்க, அந்தப் பக்கம் ராஜகிளி ஆளுங்க, நடுவுல போலீசு. உள்ளருந்து வண்டி வருது. புதுசா வந்த வண்டி. பழைய வண்டின்னா பட்டன அமுக்குனா கிளம்பும், இது சாவி போட்டுத் திருப்புத வண்டி. சாவிய எடுத்துட்டா ஸ்டியரிங்கே பூட்டிக்கிடும். முன் சீட்டுல ராஜகிளி மாலையோட உக்காந்திருக்காரு. டிரைவரு சீட்டப் பாக்கேன். எம் மருமகன் தளவாய்.

அவன் கல்குவாரியில டிப்பர் ஓட்டுனவன். லைசென்சு உண்டு. ஆனா எம் மருமகன்லா? எங்கூட உக்காந்து கறிச்சோறு தின்னவன்லா? பயலுக எல்லாம் என்னத் திரும்பிப் பாக்காங்க. வக்கீல் மைக்குல கேக்காரு, வீட்டுக்குள்ளயே கருங்காலிய வளத்தவன் எவம்லன்னு. அவருக்கு யாருன்னு தெரியாது, பொதுவாத்தான் கேட்டாரு. எனக்குக் காதுல ஈயத்தக் காச்சி ஊத்துன மாதிரி இருந்தது.

வண்டி கேட்டுக்கு வந்தது. வெளிய வந்தா இடது பக்கம் திரும்பணும். பஸ் ஸ்டாண்டு அங்கதான் இருக்கு, எந்தக் கத்துக்குட்டிக்கும் தெரியும். இவன் வீலை முழுசா வலப்பக்கம் ஒடிக்கான். வலப்பக்கம் தூணு. முன்பக்கம் தூணுல போயி இடிச்சு, பின்பக்கம் இடப்பக்கச் சுவத்துல ஒட்டி, வண்டி கேட்டுக்குக் குறுக்கால நின்னு போச்சு. எனக்குச் சிரிப்பும் வந்தது, வெறியும் வந்தது. ஓட்டத் தெரியாத பயலுக்கு எங்க வண்டி கேக்குதான்னு நினைச்சேன். இருபத்தாறு வருசத்துல அப்படி ஒரு ஓட்ட நான் பாத்ததில்ல.

அவன் இஞ்சினை நிறுத்திட்டு டிரைவர் கதவத் தொறந்து குதிச்சான். அதுக்குள்ள கல்லு பறக்க ஆரம்பிச்சிட்டு. முன் கண்ணாடி மழையா கொட்டுது. ராஜகிளி சீட்டுக்கு அடியில பூந்துட்டாரு. இவன் என்னப் பாத்து ஓடி வாரான். அத்தன பேரையும் விட்டுட்டு எங்கிட்ட வாரான். வலது கைய இறுக்கி மூடியிருக்கான். மூடுன கைய அப்படியே என் மூஞ்சிக்கு நேரே நீட்டுதான். "மாமா, ஒரு வார்த்தை"ங்கான்.

உங்க கையக் குடுங்க, காட்டுதேன். மூடுங்க. இன்னும் இறுக்கி மூடுங்க. இப்படி ஒருத்தன் மூஞ்சிக்கு நேரே நீட்டுனா நீங்க என்ன நினைப்பீங்க? ஓங்குதான்னுதான நினைப்பீங்க?

கம்பியால ஒண்ணு போட்டேன். மணிக்கட்டுல விழுந்தது. காத்து இறங்குன டயரத் தட்டுனா ஒரு சத்தம் வரும், சதசதன்னு, அந்தச் சத்தம். திரும்பவும் "மாமா"ங்கான். இன்னொண்ணு போட்டேன். விரல் மேல. கீழ விழுந்துட்டான், கை மட்டும் திறக்கல. அதுதான் எனக்குக் கோவத்த ஏத்துச்சு அண்ணாச்சி. விழுந்தும் கைய மூடி வச்சிருக்கான் பாரு, எழுந்து என்னக் குத்தத்தான்னு நினைச்சேன். தரையில வச்சு, கை மேலயே போட்டேன். எத்தனைன்னு எண்ணல. அவன் வாயில இருந்து மாமாங்க வார்த்தையும் போயி வெறும் சத்தம் மட்டும் வந்தது. சுத்தி நின்னவங்க, போடு பால்வண்ணம், போடுங்காங்க. அப்ப ஒரு கல்லு வந்து என் இடது கண்ணுல அடிச்சது. எவன் எறிஞ்சான்னு தெரியாது. நம்மாளா இருக்காது.

ரெண்டு பேரையும் ஒரே ஆம்புலன்சுலதான் ஏத்துனாங்க. அவன் மேல் பலகை, நான் கீழ. அவன் ரத்தம் என் மேல சொட்டிக்கிட்டே வந்தது.

இங்க டிப்போவுல என்னாச்சு? குறுக்க நின்ன வண்டி நின்னதுதான். சாவியக் காணும். ஸ்டியரிங் பூட்டிக்கிட்டு. தள்ளவும் முடியல, இழுக்கவும் முடியல. அது பின்னால வரிசையா நின்ன வண்டி ஒண்ணும் வெளிய வர முடியல. ராஜகிளி அவசர ஜன்னல் வழியா குதிச்சு முன்பல்லு ரெண்டு போச்சு. அத எல்லாரும் செல்போன்ல எடுத்துட்டாங்க. பொழுது சாய முன்ன கூட்டுக் குழுவப் பேச்சுக்குக் கூப்பிட்டுட்டாங்க. நாம ஜெயிச்சிட்டோம் அண்ணாச்சி. கேட்டுல நான் ஒருத்தன் நின்னதால ஜெயிச்சது.

சாவியா? சாவி அவன் கையில இருந்தது. ஆஸ்பத்திரியில டாக்டரு ஊசி போட்டு விரல ஒண்ணொண்ணா பிரிச்சப்ப உள்ளங்கையில பதிஞ்சு கிடந்துச்சாம். வண்டியக் குறுக்க நிப்பாட்டி, சாவிய எடுத்து எங்கிட்டக் குடுக்கத்தான் உள்ளயே போயிருக்கான். எம் மக அந்தச் சாவியக் கொண்டாந்து என் கட்டில்ல போட்டா. ரத்தத்தோட. "இதக் குடுக்கத்தாம்ப்பா வந்தாரு"ன்னா. அன்னைக்குப் பேச்ச நிறுத்துனவதான்.

நான் மருமகன் கட்டிலுக்குப் போனேன். போகாம இல்ல. ஒரு கண்ணுல கட்டோட போனேன். நியாயத்தத்தான் கேட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா மாப்ளன்னேன். அவன் என்னையே பாத்துக்கிட்டுக் கிடந்தான். நான் என்ன தப்பாவா கேட்டேன்? சங்கத்துல சொல்லாம, எங்கிட்டச் சொல்லாம, தனியா ஒருத்தன் எப்படி முடிவெடுக்கலாம்? ஒவ்வொருத்தனா போகாதேன்னுதான நாங்க சண்டையே போட்டோம்?

போலீசுல கேட்டதுக்கு, கூட்டத்துல விழுந்துட்டேன், யாரு மிதிச்சான்னு தெரியலன்னு சொல்லிட்டான். என் பேரச் சொல்லல. பயம், வேற என்ன.

வக்கீல் ஜெயிச்சாரு. என் கட்டுப்போட்ட மூஞ்சியத்தான் சுவரெல்லாம் ஒட்டுனாரு, பேச்சுரிமைக்குக் கண்ணு குடுத்தவன்னு. ஆனா ஒப்பந்தம் கையெழுத்தாகி வெற்றிக் கூட்டம் போட்டாங்க பாருங்க, அதுல சால்வை யாருக்கு? தளவாய்க்கு. மாவுக்கட்டோட ஏத்திப் போத்துனாங்க. என்ன மேடையில ஏத்தல. கீழ நின்னேன். பயலுக கிட்ட வந்து பேசல. போடு போடுன்னவங்களே ஒதுங்கிப் போனாங்க. இதுதான் அண்ணாச்சி எனக்கு ஆறல.

அவன் கை விளங்கல. விரல் மடங்காது, ஸ்டியரிங்கு பிடிக்க முடியாது. நான் விட்டுட்டேன்னு நினைக்காதீங்க. வக்கீல்ட்டப் போனேன். மருமகனுக்கு ஒரு வேலை குடுங்கன்னேன். தனி ஆளா வந்து கேக்காதீங்க, சங்கம் மூலமா வாங்கன்னாரு. சங்கத்துக்குப் போனேன். இது உங்க குடும்ப விசயம், நீங்களே உக்காந்து பேசிக்கிடுங்கன்னாங்க. போன மாசம் நகராட்சித் தூய்மைப் பணியாளுங்க சங்கமா பேசணும்னு ரோட்டுல உக்காந்தாங்கல்லா, அவங்களப் பாத்து வக்கீல் என்ன சொன்னாரு தெரியுமா? மக்கள் காசுல சம்பளம் வாங்குதவங்க ஒவ்வொருத்தரா வாங்கன்னாரு. இந்தத் தேர்தலுக்கு ராஜகிளியும் அவரு கட்சிக்கே வந்துட்டாரு. நேத்து ஒரே வேன்ல ரெண்டு பேரும் கையக் கோத்துத் தூக்கிக்கிட்டுப் போனாங்க. புதுப்பல்லு கட்டியிருக்காரு, நல்லா சிரிக்காரு.

தோளத் தட்டாதீங்க அண்ணாச்சி, இந்தா முடிச்சிட்டேன். அவ்வளவுதான். எல்லாத்தையும் கொட்டியாச்சு. இப்ப நெஞ்சு காலியா இருக்கு. இனிமே அவன் என்ன சொன்னாலும் கேட்டுக்கிட்டு இருப்பேன். அந்தச் சாவிக் கதையத்தான் சொல்லுவான், சொல்லிட்டுப் போறான். மாமா, அன்னைக்குன்னு ஆரம்பிக்கட்டும். நான் தரையப் பாத்துக்கிட்டு இருப்பேன். அவன் முடிச்ச பிறகு, அந்தக் கைய ஒரு தடவ வாங்கிப் பாக்கணும். அவ்வளவுதான் நான் நினைச்சிருக்கது. பிள்ளைய மடியில குடுத்தா வாங்கிக்கிடுவேன்.

என்ன? நீங்க இப்பச் சொல்லுங்க, நான் கேக்கேன். என்ன, சத்தமா சொல்லுங்க.

போயிட்டா? பனையடி விலக்கு போயிட்டா? எப்ப? ஆத்துப்பாலமே தாண்டியாச்சா? ஏல, நிப்பாட்டுல, விசிலடில. அவனுக்குக் கேக்காது, இந்தப் பக்கத்துக் காதுதான் அது. திரும்ப நடந்தா ரெண்டு மணி நேரம் ஆவுமே, இந்த மழையில, இந்தக் கண்ணோட. அவங்க மத்தியானம் கிளம்புதாங்கல்லா. கைய விடுங்க. உங்களத்தான நம்பி உக்காந்திருந்தேன். பக்கத்துலயே இருந்தீங்கல்லா அண்ணாச்சி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?